லாரி அழுதார்

நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அலோர் காஜாவில் ஒரு மாமரத்தடியில் கைப்பம்பும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டியவன் நான். இன்று அந்த இடத்தில் இரண்டு மாடிக் கடை நிற்கிறது. மாமரம்தான் இல்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்ற ஒரு பழைய லாரி வாங்கினேன். "பஞ்சர் ஒட்டுறவனுக்கு லாரியா?" என்று சிரித்தவர்கள் பிறகு பிள்ளைகளுக்கு வேலை கேட்டு என்னிடமே வந்தார்கள். ஆயர் குரோ சந்திப்பில் நின்று ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் என் பெயர் எழுதிய லாரி ஒன்றாவது உங்களைக் கடந்துபோகும். அங்கேயே எனக்கு ஒரு மூலை வீடு. கோயிலுக்கு முன்மண்டபம் கட்டினேன். பக்கத்துத் தேவாலயத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் கூரை போட்டுக்கொடுத்தேன். சாமிக்குச் சாமி பொறாமை வந்துவிடக் கூடாது பாருங்கள். இத்தனையும் ஆறாம் வகுப்பை முடிக்காதவன் செய்தது. இதையும் என் கையால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கட்டினேன். செங்கல் சிமெண்ட் இல்லாமல், இரண்டே சொல்லில் ஒரு வாக்கியம். நான் கட்டியதிலேயே அதிக நாள் நிற்பது அதுதான். அதற்கு மட்டும் எனக்கு இன்னும் பேர் வரவில்லை.

என் வயதுக்காரர்களே, நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் யாராவது அந்த வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாட்சி வேண்டும்.

நாங்கள் படித்த தோட்டத்துப் பள்ளி, தோட்டம் கைமாறியபின் டவுன் பக்கம் இடம் மாறிப் புதிதாக எழும்பியது உங்களுக்குத் தெரியும். அதன் மண்டபம் என் காசு. திறப்பு விழா அன்று மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், பேசச் சொன்னார்கள், பேசினேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நான் கட்டியதை நானே ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடம் எழுதியிருந்தார்கள். உவமை, உருவகம், சிலேடை, ஆகுபெயர் என்று நீலத்தில் தலைப்பு, கீழே கறுப்பில் எடுத்துக்காட்டு. ஜன்னல் ஓரத்தில் தற்குறிப்பேற்றம் என்று ஒரு கட்டம். அதன் கீழே: "லாரி அழுதது."

அது என் வாக்கியம். அதிலும் பாதிதான் என்னுடையது.

எங்கள் தோட்டத்தில் ஆட்களை ஆட்களின் பேரால் கூப்பிட மாட்டார்கள். நினைவிருக்கிறதா? மருந்து கொடுக்கிறவருக்கு ஊசி என்று பேர். கணக்கு எழுதும் கிராணிக்குக் கண்ணாடி. பிள்ளைப்பேறு பார்க்கும் அம்மாவுக்குத் தகரப்பெட்டி. "தகரப்பெட்டி வந்தாச்சா, வலி எடுத்திருச்சு" என்று லயத்து வீட்டு வரிசையில் கூவுவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். பால் ஸ்டோரிலிருந்து கித்தாப் பாலை ரப்பர் ஆலைக்குக் கொண்டுபோகும் லாரியை ஓட்டியவர் என் அப்பா. அதனால் அவருக்குப் பேர் லாரி.

"லாரி பசியாறிட்டாரா?"

"லாரிக்குக் காய்ச்சலாமே?"

அம்மா புருஷன் பேரைச் சொல்லாதவள். அவளுக்கு இது வசதியாகப் போயிற்று. "லாரி இன்னும் வரல" என்று அடுப்படியிலிருந்து சொல்வாள். அப்போது அவள் குரலில் ஒரு குழைவு வரும். என்னை எல்லோரும் லாரி மகன் என்றார்கள். அந்தப் பேரோடு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலின் மகள், கண்ணாடி மகன், எல்லாரும் என்னிடம் நயந்துதான் பேசுவார்கள், லாரியில் ஏற இடம் வேண்டுமே.

அந்த லாரியின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புளித்த கித்தாப் பால், எண்ணெய், அப்பாவின் வேர்வை, இருக்கைக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும் வாழைப்பழத் தோல். பச்சை நிற மூக்கு. கதவைச் சாத்த இரண்டு முறை அடிக்க வேண்டும். கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் சரிவில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கட்டை இருந்தது, ஒரு பக்கம் சீவிய கனமான கட்டை. அந்தக் கட்டை என் பொறுப்பு. லாரி நிற்பதற்குள் குதிப்பேன், ஓடிப்போய் வைப்பேன். நான் வைத்த கட்டை ஒரு நாளும் நழுவியதில்லை. அப்பா தலையை வெளியே நீட்டி, "வச்சாச்சா முதலாளி?" என்பார். முதலாளி என்று என்னை முதலில் கூப்பிட்டவர் அவர்தான். வங்கிக்காரர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள்.

சட்டம் மாறிய காலம் அது. குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை இல்லாதவர்கள், சிவப்பு அட்டைக்காரர்கள், வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அம்மா இங்கே பிறந்தவள், நானும் இங்கே பிறந்தவன். அப்பா மட்டும் கப்பலில் வந்தவர். "லாரி ஓட்ட லைசென்ஸ் குடுத்துருக்கானே, அதுக்கு மேல இன்னொரு அட்டை எதுக்கு?" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டார். லைசென்ஸ்தான் குடியுரிமை என்று நம்பியிருந்தார். அவரைப்போல நம்பியவர்கள் நிறையப் பேர். உங்கள் லயத்திலும் இருந்திருப்பார்கள்.

ஒரு மழை நாள். அரசாங்க அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, என்னை லாரியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனார். திரும்பும் வழியில் கித்தாக் காட்டுக்குள் நிறுத்தினார். சமதரை, கட்டை தேவையில்லை. இருந்தும் நான் குதிக்கப் போனேன். "இருப்பா" என்றார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. வைப்பர் ஓடவில்லை, அவர் அணைத்துவிட்டிருந்தார்.

பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பெர்மிட் கெடைக்காதாம். அப்பா ஊருக்குப் போவணும் போலருக்கு" என்றார். லாரியைக் கிளப்பும்போது, "அப்பா அழுதாருன்னு யார்ட்டயும் சொல்லிப்புடாத. அம்மாகிட்ட சொல்லவே கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

எங்கள் வாத்தியார் மலாக்கா டவுனிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். வெள்ளைச் சட்டை, கையில் ரொத்தான் பிரம்பு, ஆனால் அடித்ததைவிட அதைக் காற்றில் சுழற்றியதுதான் அதிகம். நல்ல மனிதர். தமிழ் என்றால் உயிர். அவருடைய அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி. அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் சொல்லிவிடுவார். என் மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. வாத்தியாருக்குத் தெரிந்தால் அண்ணனிடம் சொல்வார், அண்ணன் அட்டையின் நிறத்தை மாற்றிவிடுவார். எப்படித் தெரிய வைப்பது? சத்தியம் பண்ணியிருக்கிறேனே.

அந்த வாரம் அவர் ஆகுபெயர் நடத்தினார். "ஊர் சிரித்ததுன்னு சொல்றோம். ஊருக்கு வாய் இருக்கா? ஊர்ல உள்ள ஆளுங்க சிரிச்சாங்க. ஒண்ணோட பேரு அதோட சேர்ந்த இன்னொண்ணுக்கு ஆகி வருது. அதான் ஆகுபெயர். புரிஞ்சுதா?"

வகுப்பில் யாருக்குப் புரிந்ததோ, எனக்கு மின்னல் அடித்த மாதிரி புரிந்தது. இது எங்கள் தோட்டம்! ஊசி, கண்ணாடி, தகரப்பெட்டி! நாங்கள் பிறந்ததிலிருந்து பேசுவதற்குப் புத்தகத்தில் ஒரு பேர் இருக்கிறது. அது மட்டுமில்லை, என் சத்தியத்துக்கு ஒரு வாசலும் இருக்கிறது. "அப்பா அழுதார்" என்று சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்.

"யாராச்சும் சொந்தமா ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றார் வாத்தியார்.

கையைத் தூக்கினேன். எழுந்து நின்றேன்.

"லாரி அழுதார், சார்."

வாத்தியார் சிரித்தார். "அழுதாரா? லாரி என்னடா, உங்க மாமாவா? லாரி அஃறிணை. அழுதது. திருப்பிச் சொல்லு."

"அழுதார் சார். மழையில."

"மழையிலயா?" ரொத்தான் அந்தரத்தில் நின்றது. அவர் முகம் மெல்ல மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. "அடடா. அடடா! கண்ணாடில மழைத்தண்ணி வழியுது. அது பாட்டுக்கு வழியற தண்ணி. அதப் பாத்துட்டு லாரி அழுவுதுங்கறான். டேய், இது ஆகுபெயர் இல்லடா, இது தற்குறிப்பேற்றம்! இயல்பா நடக்கற ஒண்ணுமேல கவிஞன் தன்னோட கற்பனைய ஏத்திச் சொல்றது! எல்லாரும் கை தட்டுங்க."

தண்டல் மகள் மட்டும் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், லாரின்னா அவங்க…" என்று ஆரம்பித்தாள்.

"கேக்கும்போதுதான் பேசணும்" என்றார் வாத்தியார். கரும்பலகையில் அழகான எழுத்தில் எழுதினார்: லாரி அழுதது.

எங்கள் தோட்டத்துக்காரர் யாராக இருந்தாலும் அந்த இரண்டு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், "ஏன், என்னாச்சு லாரிக்கு?" என்று கேட்டிருப்பார்கள். வாத்தியார் டவுன்காரர். லயத்துப் பக்கம் வந்ததே இல்லை. என் அப்பாவை அவர் மாணவனின் தகப்பன் என்றுதான் அறிவார், லாரி என்று அறிய மாட்டார். அவரைத் திட்டி என்ன செய்ய? பாடம் அவர் நடத்தியதுதான். எடுத்துக்காட்டு எதிரே வந்து நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

உவமை, உருவகம் எல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நான் புரிந்துகொண்டது இதுதான். எனக்கு லாரி அப்பாவைப் போல என்றால் உவமை. லாரிதான் எனக்கு அப்பா என்றால் உருவகம், 'போல' கீழே விழுந்துவிட்டது. "லாரி வந்துட்டாரு, சோத்தைப் போடு" என்று அம்மா சொன்னால் ஆகுபெயர், அதில் கற்பனையே இல்லை, வீட்டுப் பேச்சு. தற்குறிப்பேற்றம் என்பது வேறு. அதற்கு அப்பா வேண்டியதில்லை, மழை மட்டும் போதும்.

பள்ளி விழா வந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் மேடை போட்டு, பெட்ரோமாக்ஸ் தொங்கவிட்டு, தோட்டமே பாயைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தது. "கவிதை உள்ளம் படைத்த சிறுவன்" என்று வாத்தியார் என்னை மேடையேற்றினார். மழையைப் பற்றி அவரே எழுதிக்கொடுத்த நாலைந்து வரியை நான் ஒப்பிக்க வேண்டும். கடைசி வரி என்னுடையது. ஒப்பித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் நாக்கு பழகிய பாதைக்கே போய்விட்டது.

"லாரி அழுதார்."

திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "அழுதது, அழுதது" என்று கிசுகிசுத்தார்.

அதற்குள் தோட்டமே திரும்பிவிட்டது. அத்தனை தலையும் ஒரே பக்கம். கடைசிப் பாயில் அப்பா. பக்கத்தில் அம்மா. கைதட்டல் இல்லை. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆமாய்யா" என்றார் உரக்க. "ரேடியேட்டர்ல ஓட்டை. ஒழுவிக்கிட்டேதான் கெடக்கு. தொரைகிட்ட சொல்லியாச்சு, மாத்தித் தர மாட்டேங்கறான்."

தோட்டம் வெடித்துச் சிரித்தது. சிலேடை என்று சுவரில் எழுதியிருக்கிறார்களே, அதற்கு இதைப் போட்டிருக்க வேண்டும். விழா முடிந்ததும் வாத்தியார் தேடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதான் தகப்பனாரா? பையன் பெரிய கவிஞனா வருவான், பாருங்க."

"நன்றிங்க சார்" என்றார் அப்பா. அண்ணன்காரர் கிராணி என்பது அவருக்கும் தெரியும். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா விளக்கை ஏற்றினாள். பிறகுதான் கேட்டாள். ஏன் அழுதீர்கள் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"எறங்கி நின்னா அழுதீங்க? நனைஞ்சீங்களா?"

"இல்ல. உள்ளதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப சரி" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. "நீ சத்தியத்த மீறல முதலாளி. நான்தான் சரியாச் சொல்லல" என்றார்.

அவர் கிளம்பிய காலையில், துறைமுகத்துக்குப் போகும் ரயிலைப் பிடிக்கத் தோட்டத்து லாரியிலேயே அனுப்பினார்கள். புது டிரைவர் ஓட்டினார். அப்பா இடப்பக்க இருக்கையில், பயணியைப்போல, மடியில் துணிமூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இருக்கை எப்போதும் என்னுடையது. புது டிரைவர் லாரியைக் கிளப்பினார். உறுமியது, நகரவில்லை. மறுபடி உறுமியது.

"யார்ரா கட்டைய வச்சது?" என்று கத்தினார்.

யார் வைப்பார்கள்? நான் வைத்த கட்டை ஒரு நாளும் நழுவியதில்லை என்று சொன்னேனே. இந்தத் தடவை முன்சக்கரத்துக்கு வைத்திருந்தேன்.

அப்பா இறங்கி வந்தார். குனிந்து கட்டையை உருவினார். மண்ணைத் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சிரு. சரிவுல மறந்துடாத" என்றார். ஏறிக் கதவை இரண்டு முறை அடித்துச் சாத்தினார்.

அடுத்த வாரமே ஒரு நாள் காலையில் லயத்தில் யாரோ, "லாரி பசியாறிட்டாரா?" என்று கேட்டார்கள். நான் துள்ளி எழுந்து வெளியே ஓடினேன். புது டிரைவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் மகன் என் வயசு. சாயங்காலத்துக்குள் அவன் லாரி மகன் ஆகிவிட்டான். பேர் வண்டியோடு போயிற்று. என்னை யாரும் எந்தப் பேராலும் கூப்பிட்டதாக நினைவில்லை. பள்ளியில் வாத்தியார் மட்டும் "என்ன கவிஞரே" என்பார். அந்த ஆண்டு முடிவதற்குள் நான் போவதை நிறுத்திவிட்டேன். அவர் ஆள் அனுப்பிக் கேட்டார், "அவனுக்குத் தமிழ் நல்லா வருமே" என்று. வரும்தான். வந்து என்ன ஆயிற்று?

அப்பா திரும்பவில்லை. அழைத்துக்கொள்கிறேன் என்றார், அதுவும் இல்லை. பின்னால் எனக்கு வசதி வந்ததும் விமானம் ஏறி அவருடைய ஊருக்குப் போனேன். லாரி ஓட்டினவர் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவின் சொந்தப் பேரைச் சொன்னேன். வேறு யாரோ ஒருவருடைய பேரைச் சொல்வதுபோல என் வாய்க்கே கூச்சமாக இருந்தது. "அவரா, ஆடு மேச்சுக்கிட்டு இருந்தாரு, செத்து ரொம்ப நாளாச்சு. பேசவே மாட்டாரு" என்றார்கள். அவர் கடைசியில் படுத்திருந்த இடத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்தேன். கட்டையும் இப்போது இல்லை. லயத்தை இடித்தபோது நான் வேறு ஊரில் வேலையாக இருந்தேன்.

அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. வாத்தியார் காலமெல்லாம் அதைச் சொல்லியே தற்குறிப்பேற்றம் நடத்தினாராம். அவரிடம் படித்தவர்கள் வாத்தியாராகி அதையே சொன்னார்கள். இப்போதைய தலைமையாசிரியை அப்படிக் கேட்டவர்தான். திறப்பு விழா அன்று அவரைச் சுவருக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தினேன்.

"இது யார் சொன்னது, டீச்சர்?"

"அது தெரியாதுங்க ஐயா. பழைய தோட்டத்துப் பையன் யாரோன்னு எங்க சார் சொல்வாரு. அழகா இருக்குல்ல?"

"நான் சொன்னது."

அவர் சிரித்தார். பணம் கொடுத்தவர் எதையும் சொந்தம் கொண்டாடுவார் என்று நினைத்திருப்பார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நின்றபடியே. அவர் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஆசிரியை ஆசிரியைதான்.

"ஐயா, உங்க அப்பாவத்தான் சொன்னீங்கன்னா அது தற்குறிப்பேற்றமே இல்லீங்களே. எடுத்துக்காட்டு தப்பாயிடுமே."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"'அழுதார்'னு மாத்துனா திணை வழுன்னு புள்ளைங்களே கேக்கும்லா. குழம்பிடுவாங்க ஐயா. வாசல்ல உங்க பேர அவ்வளோ பெருசா போட்டிருக்கோமே, அது போதாதா?"

ஆயர் குரோ வீட்டில் நான் ஒருவன்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். போனில் அவனிடம் சொன்னேன். "ரெண்டு எழுத்துக்கா இவ்ளோ சண்டை? அந்த சார் அண்ணன்கிட்ட கேட்டிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது பா, ரூல் ரூல்தான். விட்டுடுங்கலா" என்றான். இருக்கலாம். நடந்திருக்காதுதான். ஆனால் யாரும் கேட்கவில்லையே. இத்தனை ஆண்டுகளில் எத்தனை வகுப்பு அந்த வாக்கியத்தை எழுதியிருக்கும்! லாரி ஏன் அழுதது என்று ஒரு பிள்ளைகூடவா கேட்கவில்லை? கேட்டிருக்காது. 'அழுதது' என்று போட்டால் கேட்கத் தோன்றாது. 'அழுதார்' என்று போட்டுப் பாருங்கள், முதல் நாளே ஒரு பிள்ளை கையைத் தூக்கும்.

எனக்கு இன்று நிறைய லாரி இருக்கிறது. என் ஆட்கள் என்னை பாஸ் என்கிறார்கள். ஒருவனும் என்னை லாரி என்று கூப்பிட்டதில்லை.

ஆகவே பள்ளி நிர்வாகத்தாருக்கு எல்லோர் முன்னிலையிலும் என் கோரிக்கை இது. வாசலில் இருக்கும் என் பேரை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், அந்தப் பேர் கடைப் பலகையிலும் லாரிக் கதவிலும் போதிய அளவுக்கு இருக்கிறது. ஜன்னல் ஓரத்துக் கட்டத்திலிருந்து என் வாக்கியத்தை எடுத்து, ஆகுபெயர் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 'அழுதது' என்பதை அழித்து, நான் சொன்னபடி 'அழுதார்' என்று எழுதுங்கள். பெயிண்ட் செலவு என்னுடையது. வழு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். கீழே, சொன்னவன் யார் என்று கறுப்பு மையில் போடுங்கள். என் பேர் வேண்டாம்.

லாரி மகன் என்று போடுங்கள்.